ராத்திரிக் குளிரும் சுக்காம் மண்ணும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், விதைப் பொட்டலத்தை ஒரு கையிலும் பேனாவை மறு கையிலும் எடுத்துவிடுகிறீர்கள். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொலராடோ, நியூ மெக்ஸிகோ பக்கத்திலிருந்து. எனக்கும் சௌகரியமாகப் போயிற்று, நான் கையை விட்டு அளைந்த மண் அதுதான். பிறந்தது தாராபுரம் பக்கம், மானாவாரிக் காடு. டென்வருக்குக் கிழக்கே அரோராவில் குடியேறி இருபத்திரண்டு வருஷமாகிறது. வறட்சி எனக்குப் பழகின விஷயம். 5,280 அடி உயரத்தில் வரும் வறட்சி வேறு ஜாதி என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் ஏழெட்டு வருஷம் பிடித்தது. வந்த புதிதில் பருப்பு வேகவில்லையென்று கடைக்காரரைத் திட்டினவள் நான். தண்ணீர் இங்கே 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பது தெரியாது. செடி விஷயமும் அப்படித்தான். பழைய பருப்பு, பழைய பக்குவம், ஆனால் அடுப்பு வேறு.

கேள்வி: நாங்கள் குன்னூர்க்காரர்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் வந்து மூன்று வருஷம். மலைத்தோட்டம் நமக்குத் தெரியாததா என்று ஆசையாக ஹைட்ரேஞ்சியா வைத்தேன், ஸ்ட்ராபெரி வைத்தேன். இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. முட்டை ஓடு, கணப்புச் சாம்பல் எல்லாம் போட்டும் மோசமாகிறதே தவிரத் தேறவில்லை.
(வாசகி, கொலராடோ ஸ்பிரிங்ஸ்)

அம்மணி, முதலில் அந்தச் சாம்பல் வாளியைக் கீழே வையுங்கள்.

குன்னூரும் உங்கள் ஊரும் உயரத்தில் அக்கா தங்கை மாதிரி, இரண்டும் 1,850 மீட்டரை ஒட்டித்தான். ஒற்றுமை அத்தோடு முடிந்தது. நீலகிரியில் மழை கொட்டிக் கொட்டி மண்ணிலிருந்த சுண்ணாம்பையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மண் புளிப்பு. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பி.ஹெச். (மண்ணின் புளிப்பை அளக்கும் எண், 7-க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு அதிகம்) இருந்தால்தான் பிடிக்கும், அங்கே அது அமைந்திருக்கிறது. குன்னூர்ச் சாலையோரத்து ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் அந்தப் புளிப்பால்தான். இங்கே கழுவிக்கொண்டு போக மழை ஏது? டென்வரில் வருஷம் முழுக்கப் பெய்வது 360 மில்லிமீட்டர் சுமார், சென்னையில் பெய்வதில் கால் பங்கு. சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. எங்கள் பக்கம் சுக்காங்கல் பூமி என்போமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி இந்த மண்.

சோதித்துப் பார்க்க ஆய்வகம்கூட வேண்டாம். ஒரு கரண்டி காய்ந்த மண்ணில் சமையல் வினிகரை ஊற்றுங்கள். சோடாவைப் போலப் பொங்கினால் சுண்ணாம்பு கலந்த மண். எங்கள் வீட்டுப் பின்புறம் பொங்கிய பொங்கலைப் பார்த்து என் பேரன் கை தட்டினான்.

மஞ்சள் இலைக்குக் காரணம் இரும்புச் சத்து இல்லாதது என்று சொல்வார்கள். இரும்பு மண்ணில் நிறையவே இருக்கிறது. சுண்ணாம்பு தருகிற காரத்தன்மையில் அது வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. பத்தாயத்தில் நெல், சாவி மட்டும் நம் கையில் இல்லை. முட்டை ஓடும் சாம்பலும் இன்னும் சுண்ணாம்பையும் காரத்தையும்தான் சேர்க்கும். இரும்பு சல்பேட்டை மண்ணில் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் பூட்டிக்கொள்ளும். கந்தகம் போட்டு மண்ணைப் புளிக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால், பொங்குகிற மண்ணில் அது ஆகிற காரியமில்லை. வருஷக்கணக்காகக் கொட்டினாலும் சுண்ணாம்புதான் ஜெயிக்கும். இரும்புக் கீலேட் என்று கடையில் கேளுங்கள், மண் பூட்டிவிடாதபடி இரும்பைப் பிடித்துவைக்கிற மருந்து அது. அதிலும் இ.டி.டி.ஹெச்.ஏ. என்று அச்சிட்ட வகைதான் இந்த மண்ணுக்கு வேலை செய்யும். இ.டி.டி.ஏ. என்பது ஓரெழுத்து குறைவான வேறு சரக்கு, விலை மலிவு, இங்கே பலன் இல்லை. தண்ணீரையும் குறையுங்கள், வேர் சொதசொதவென்று இருந்தால் மஞ்சள் கூடும்.

ஹைட்ரேஞ்சியாவை விட மனசில்லை என்றால் பெரிய தொட்டியில் கடை மண்கலவை போட்டு, கிழக்குப் பக்கச் சுவரோரம் வையுங்கள். நிலத்தில் அதை வளர்த்தே தீருவேன் என்பது மாமியாரைத் திருத்துகிற கதை.

கேள்வி: ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் முழுக்க 75 டிகிரி ஃபாரன்ஹீட். டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பதினெட்டுத் தக்காளி நாற்று நட்டேன். பத்தே நாளில் எல்லாம் கறுத்துப் போச்சு. எப்பத்தான் நடுவது?
(வாசகர், பார்க்கர்)

தம்பி, பகலைப் பார்த்து நட்டீர்கள், ராத்திரியைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பகல் பொய் சொல்லும்.

காற்றில் ஈரம் இருந்தால் அது ஒரு போர்வை. மண் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் அது தாங்கிப் பிடிக்கும். இங்கே காற்று காய்ந்தது, மெலிந்தது, மேகமும் குறைவு. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் சூடு வானத்துக்குப் போய்விடும். பகலுக்கும் விடியலுக்கும் 30 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இங்கே சாதாரணம். மதியம் 75 என்றால் விடியற்காலை 45. ஒரு வடக்குக் காற்று வந்தால் உறைநிலையான 32-க்குக் கீழே, தக்காளி காலி.

இங்கத்து வெள்ளைக்காரப் பெரியவர்கள் அன்னையர் தினம், அதாவது மே இரண்டாம் ஞாயிறு வரை பொறு என்பார்கள். நான் அதற்கும் மேலே பத்து நாள் பொறுப்பவள். 2022-ல் மே 19 கோடைபோல் காய்ந்தது, 20-ம் தேதி ராத்திரி தொடங்கிப் பனி கொட்டி, தளிர் விட்ட மரங்களின் கிளையெல்லாம் முறிந்து விழுந்தன. அன்னையர் தினம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து! அன்றைக்குச் சமையலறை, படுக்கையறை, கராஜ் என்று எங்கள் வீடு முழுக்க நாற்றுத் தட்டுகள். என் வீட்டுக்காரர் காலை வைக்க இடமில்லாமல் காரில் உட்கார்ந்து காபி குடித்தார்.

என் கணக்கு இது. பத்து நாள் வானிலை அறிக்கையில் இரவு வெப்பநிலை ஒருநாளும் 50-க்குக் கீழே இறங்காது என்றால் தக்காளி, மிளகாய், கத்தரி நடலாம். வெண்டையும் பீர்க்கும் பாகலும் மே கடைசி வாரம் வரை காத்திருக்கட்டும், அவற்றுக்கு மண்ணும் சூடாக வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒரு சாதனம் உண்டு. பதினெட்டுக் குழாய்களை வட்டமாக ஒட்டின பிளாஸ்டிக் கூடு, மூன்று காலன் தண்ணீர் பிடிக்கும். நாற்றைச் சுற்றி நிறுத்தினால் பகல் சூட்டைத் தண்ணீர் வாங்கி ராத்திரியில் விடும். மே தொடக்கத்தில் அதற்குள் வைத்த செடி எனக்குப் பிழைத்திருக்கிறது.

இன்னொன்று, ஜன்னலோரம் வளர்ந்த நாற்றை நேரே வெயிலில் வைக்காதீர்கள். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிரின் வீச்சு கூடும். ஒரே மதியத்தில் இலை வெள்ளைக் காகிதமாகிவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம், பத்து நாள் வெளியே பழக்குங்கள். கைக்குழந்தையை வெளியே தூக்கிப் போகிற மாதிரி.

ஜூனில் பூத்து, பிஞ்சு நிற்காமல் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். இரவு 55-க்குக் கீழே போனாலும் பகல் 95-ஐத் தொட்டாலும் தக்காளி பிஞ்சு பிடிக்காது. ஒரே நாளில் இரண்டையும் காட்டுகிற ஊர் இது. இரவு சூடேறியதும் தானே சரியாகும். முதல் உறைபனி அக்டோபர் தொடக்கத்தில் வந்துவிடும், அதனால் 60, 70 நாளில் காய்க்கிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா கொடுத்த அவரை விதை. கொடி இரண்டாம் மாடி வரை ஏறி, அண்டை வீட்டார் படம் எடுக்கும் அளவுக்குச் செழிப்பு. ஒரு பூ இல்லை. செப்டம்பர் கடைசியில்தான் மொட்டு வந்தது. அடுத்த வாரமே உறைபனி. என்ன உரம் குறைந்தது?
(வாசகி, ஃபோர்ட் காலின்ஸ்)

உரம் குறையவில்லை கண்ணு, இருட்டு குறைந்தது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் மழையை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது. பந்தல் அவரைக்குப் பகல் சுருங்கி ராத்திரி நீண்டால்தான் பூக்கத் தோன்றும். ஊரில் ஆடியில் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பகல் சுருங்கும், பூ வரும், பொங்கல் கூட்டுக்குக் காய் வரும். அங்கே கோடையிலும் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. உங்கள் ஊரில் ஜூன் 21-ல் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம். கொடி, இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்து ஏறிக்கொண்டே போகிறது. செப்டம்பர் 22-க்குப் பிறகு பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கி அதற்கு ஞானம் வருகிறபோது உறைபனி வாசலில் நிற்கிறது. உங்கள் கொடி மேல் ஒரு தப்பும் இல்லை. அது அம்மா வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறது.

தொட்டியில் வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்குக் கறுப்புத் துணி போட்டு மூடிக் காலை எட்டுக்குத் திறந்தால் ஜூலையிலேயே பூக்க வைக்கலாம் என்பது உண்மை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கிளிக்கூண்டா அது? ஊரில் எல்லாப் பட்டத்திலும் காய்க்கிற செடி அவரை இருக்கிறதே, அதற்குப் பகல் நீளம் ஒரு பொருட்டில்லை, அதைப் போடுங்கள். துவரையிலும் இந்தப் பிடிவாதக்கார ரகங்கள் உண்டு. புளிச்சக்கீரைக்கு இதே குணம் இருப்பது மட்டும் நமக்கு லாபம், பூக்காமல் கோடை முழுக்க இலையாகவே தரும்.

விதை கொண்டுவருவது பற்றி ஒரு வார்த்தை. விதைக்கிற விதைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும். புடவை மடிப்பில் வைத்து வருகிற சாமர்த்தியத்தை எனக்கு எழுதி அனுப்பாதீர்கள், அச்சில் போட மாட்டேன்.

கேள்வி: சாண்டா ஃபே, 7,000 அடி. மரப்பலகையில் உயரப் பாத்தி கட்டினோம். இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினாலும் மாலையில் செடி துவண்டு நிற்கிறது.
(வாசகர், சாண்டா ஃபே)

உயரப் பாத்தி மழைக்காட்டுக்காரன் கண்டுபிடித்தது. மிஞ்சுகிற தண்ணீரை வடிக்கத்தான் அது. உங்களுக்கு எங்கே மிஞ்சுகிறது? நாலு பக்கமும் காற்று உரசிப் பலகையோரமாக ஈரத்தை உறிஞ்சிவிடும்.

உங்கள் மாநிலத்திலேயே விடை இருக்கிறது. மேற்கே ஸூனி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டடிக்குள் சதுரம் சதுரமாகப் பள்ளம், சுற்றிலும் களிமண் வரப்பு. மேலிருந்து பார்த்தால் வாஃபிள் ரொட்டி மாதிரி இருப்பதால் வாஃபிள் தோட்டம் என்றே பெயர். குடத்தில் கொண்டுவந்த தண்ணீரைப் பெண்கள் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி வளர்த்தார்கள். வரப்பு காற்றைத் தடுக்கும், தண்ணீர் ஓடாமல் அந்த இடத்திலேயே இறங்கும். எங்கள் அப்பிச்சி மிளகாய்க்குக் கட்டின பாத்தியை முதன்முதலாக அமெரிக்காவில் ஒரு புகைப்படத்தில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பலகையைப் பிரித்துவிடுங்கள். தரைக்குக் கீழே நாலைந்து அங்குலம் தோண்டி, மக்கு உரம் கலந்து, வரப்பு கட்டி, மேலே மூன்று அங்குலம் வைக்கோல் மூடாக்கு போடுங்கள். நடுவில் மெருகு பூசாத மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவைத்தால் வேர் தானே தேடி வரும். பூந்தொட்டியின் அடித்துளையைத் தக்கையால் அடைத்தாலும் போதும். அக்டோபரில் மறக்காமல் வெளியே எடுங்கள், உள்ளே தண்ணீர் உறைந்தால் பானை இரண்டாகும். என்னிடம் அப்படி உடைந்தவை மூன்று.

கேள்வி: பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு வண்டி மாட்டெரு இலவசமாகக் கிடைத்தது. அரையடி கனத்துக்குப் போட்டேன். பீன்ஸ் இலை சுருண்டு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சாணி போட்டுக் கெட்ட நிலமும் உண்டா?
(வாசகர், லாங்மான்ட்)

இருக்கிறது, உங்கள் கொல்லையில்.

மாட்டெருவில் உப்பு உண்டு. மழை பெய்கிற ஊரில் அது அடித்துக்கொண்டு போய்விடும், இங்கே நிற்கும். ஆனால் உப்பு இலை ஓரத்தைத்தான் கருக்கும். முறுக்கிக்கொள்வது வேறு. புல்வெளியில் களைக்கொல்லி அடிக்கிறார்கள், சில வகை மருந்து மாட்டு வயிற்றைக் கடந்து, எருக்குழியையும் கடந்து அப்படியே வந்துவிடும். தக்காளி, பீன்ஸ், உருளைக்கு அது விஷம். இனி எரு வந்தால் மூன்று தொட்டியில் எருவும் மண்ணும் கலந்து பீன்ஸ் விதை போடுங்கள், இன்னொரு தொட்டியில் வெறும் மண். மூன்று வாரம் பாருங்கள், இலை நேராக வந்தால் போடலாம். இப்போது போட்டதை வாரி எடுத்துவிட்டு, இந்த வருஷம் அங்கே மக்காச்சோளம் போடுங்கள், புல் ஜாதியை அந்த மருந்து அவ்வளவாகத் தொடாது.

கேள்வி: மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் போலீஸ் பிடிக்குமாமே? வந்திருக்கும் என் மாமியார் நம்பவே இல்லை.
(வாசகி, தார்ன்டன்)

ஒரு காலத்தில் சட்டவிரோதம்தான். கொலராடோ மாநிலத்தில் தண்ணீர் முதலில் எடுத்துப் பயன்படுத்தினவனுக்குச் சொந்தம். உங்கள் கூரையில் விழுந்தது கீழே ஆற்றில் உரிமை வைத்திருப்பவனுடையது என்பது வாதம். 2016-ல்தான் வழிவிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன், கூரைத் தண்ணீர் மட்டும், அதே வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு விரட்டி விரட்டிக் கட்ட வைத்ததை மாமியாருக்கு ஞாபகப்படுத்துங்கள், இரண்டையும் சேர்த்துச் சிரிப்பார். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குலம் பெய்தால் 600 காலனுக்கு மேல் வரும். கால் அங்குலத்துக்குள் பீப்பாய் இரண்டும் வழிந்துவிடும். வழிவதை மரத்தடிக்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: ஆலங்கட்டி மழைக்கு என்னதான் வழி?
(பலர்)

மேலே வலை. கம்பி வளைவு நட்டு, நிழல்வலையோ அரை அங்குலக் கம்பிவலையோ கட்டுங்கள், மே மாதமே. 2017 மே 8 அன்று டென்வருக்கு மேற்கே விழுந்ததில் நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல். கார் கண்ணாடியே நிற்கவில்லை, நம் கத்தரி எம்மாத்திரம்? அடித்து முடிந்ததும் அழுதுகொண்டே செடியைப் பிடுங்காதீர்கள். பத்து நாள் பொறுங்கள், தண்டு இருந்தால் தக்காளி கணுவிலிருந்து துளிர்க்கும்.

கேள்வி: கறிவேப்பிலைத் தொட்டி வீட்டுக்குள் வந்ததும் இலை கொட்டுகிறது. மல்லிகையில் வெள்ளைப் புள்ளியும் நூலாம்படையும். ஹூஸ்டனில் இருக்கும் நாத்தனார் புதுக் கறிவேப்பிலைச் செடி கொண்டுவருகிறேன் என்கிறாள்.
(வாசகி, சென்டெனியல்)

நாத்தனாரை வெறுங்கையோடு வரச் சொல்லுங்கள். எலுமிச்சை வகைகளை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் குடியிருக்கும். ஹூஸ்டன் இருக்கிற டெக்சஸிலும் ஃபுளோரிடா, கலிஃபோர்னியாவிலும் அதற்காகச் செடியை வெளியே கொண்டுபோகத் தடை உள்ள பகுதிகள் உண்டு. மல்லிகையில் இருப்பது செஞ்சிலந்தி. ஹீட்டர் காற்றின் வறட்சி அதற்குச் சொர்க்கம். வாரம் ஒருமுறை குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கம் படும்படி ஷவரில் குளிப்பாட்டுங்கள். கறிவேப்பிலை குளிர்காலத்தில் தூங்குகிறது, அவ்வளவுதான். தண்ணீரைப் பாதியாக்குங்கள், உரம் வேண்டாம், மார்ச்சில் நுனியைக் கிள்ளுங்கள்.

கேள்வி: போன வருஷம் வைத்த ஆப்பிள் கன்று. குளிர்காலம் முழுக்கப் பனி விழுந்தும் வசந்தத்தில் பட்டுப்போயிருந்தது. குளிர் தாங்காத ரகமா?
(வாசகர், அரோரா)

நம்ம ஊர்க்காரரா! குளிரில் சாகவில்லை ஐயா, தாகத்தில் செத்தது.

பத்து அங்குலப் பனி உருகினால் ஓரங்குலத் தண்ணீர்கூடத் தேறாது. அதிலும் ஒரு பங்கு வெயிலிலும் காற்றிலும் உருகாமலேயே ஆவியாகிவிடும். ஜனவரியில் திடீரென்று மலையிலிருந்து சூடான காய்ந்த காற்று இறங்கி 60 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுமே, அன்றைக்கு மரம் மேலே தண்ணீரை இழக்கும், கீழே வேருக்குக் கிடைக்காது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை, மண்மேல் பனி இல்லாமல், வெப்பம் 40-க்கு மேல் இருக்கும் நாளாகப் பார்த்து, மாதம் ஒன்றிரண்டு முறை நண்பகலில் ஊற்றுங்கள். அடிமரத்தின் விட்டம் ஓரங்குலம் என்றால் பத்து காலன். நவம்பரில் தண்டில் வெள்ளைத் துணிச் சுற்று, இல்லாவிட்டால் தென்மேற்குப் பக்கம் பட்டை வெடிக்கும். ஏப்ரலில் அவிழ்த்துவிடுங்கள்.

ஊற்றி முடித்ததும் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிடுங்கள். நான் ஒருமுறை, நாளைக்குக் கழற்றலாம் என்று விட்டேன். அன்று ராத்திரி சுவருக்குள் குழாய் உறைந்து வெடித்து, பேஸ்மென்டில் முழங்கால் தண்ணீர். மிதந்து வந்ததில் நான் பத்திரமாக எடுத்து வைத்திருந்த விதைப் பெட்டியும் ஒன்று. பூசணி விதை மட்டும் அதற்குள்ளேயே முளை விட்டிருந்தது.